கழங்கும் சீட்டும்: குறி மரபின் நோக்கில் டாரட் சீட்டுகளின் பொருளாக்கம்

முன்னுரை

பெங்களூரு நகரின் தெற்கில், ஓசூர் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது எலெக்ட்ரானிக் சிட்டி. கோனப்பன அக்ரகாரம், தொட்டதோகூரு ஆகிய சிற்றூர்களின் நிலத்தில் 332 ஏக்கர் பரப்பில் கர்நாடக அரசின் கியோனிக்ஸ் நிறுவனம் 1978இல் இதனை உருவாக்கியது. தமிழக எல்லைக்கு அண்மையில் உள்ள இத்தொழிற்பகுதியில் தமிழர் பலர் பணிபுரிகின்றனர். கணிப்பொறியும் கணக்கும் ஆட்சி செய்யும் இத்தகைய இடங்களில் வாழ்வோரிடையே அண்மைக் காலத்தில் செல்வாக்குப் பெற்றுள்ள குறிமுறைகளுள் ஒன்று டாரட் சீட்டு. வேலை நிலைக்குமா, அயல்நாட்டு வாய்ப்புக் கிட்டுமா, மனம் விரும்பியவரோடு மணம் கைகூடுமா என்னும் வினாக்களோடு இளையோர் இச்சீட்டுகளை நாடுகின்றனர். பலன் கூறல் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பல நேரங்களில் கைப்பேசித் திரையின் வழியே நிகழ்கிறது.

டாரட் பற்றிப் பேசுவோர் இருவகைக் கருத்துகளை முன்வைப்பதைக் காணலாம். பண்டைய எகிப்திலோ இந்தியாவிலோ தோன்றிய மறைஞானம் அச்சீட்டுகளில் பொதிந்துள்ளது என்பது ஒன்று. அஃது ஆராயத் தகுதியற்ற வெறும் மூடநம்பிக்கை என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வரலாற்றைப் பாராமல் எழுந்த கருத்துகளே. சீட்டில் உள்ள படிமத்திற்குப் பொருள் எங்கிருந்து வருகிறது, அப்பொருள் எவ்வாறு மாறுகிறது என்னும் வினாக்களைத் தமிழ்க் குறி மரபோடு ஒப்பிட்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆட்டச்சீட்டு குறிச்சீட்டான வரலாறு

டாரட் கட்டில் 78 சீட்டுகள் உள்ளன. அவற்றுள் 56 சீட்டுகள் கிண்ணம், நாணயம், வாள், கோல் என்னும் நான்கு இனங்களைச் சார்ந்தவை. எஞ்சிய 22 சீட்டுகள் பேதை, அரசி, காதலர், ஊழ்ச்சக்கரம், தூக்கிலிடப்பட்டவன், சாவு, கோபுரம், நிலவு, ஞாயிறு, உலகம் முதலிய தனித்தனிப் படிமங்களைக் கொண்டவை.

நான்கு இனங்களின் மூலம் ஐரோப்பாவினது அன்று. எகிப்தை ஆண்ட மம்லூக்கியரின் சீட்டுகளில் கிண்ணம், நாணயம், வாள், செண்டுகோல் ஆகியவை இனங்களாக இருந்தன. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வகைச் சீட்டுகள் ஐரோப்பாவை அடைந்தன. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலிய அரசவைகளில் இவற்றோடு படச்சீட்டுகள் சேர்க்கப்பட்டன. மிலன் நகரை ஆண்ட விசுகோந்தி, சுபோர்சா குடும்பத்தாருக்காகப் பொன் பூசி வரையப்பட்ட சீட்டுகள் இன்றும் எஞ்சியுள்ளன. படச்சீட்டுகள் மற்றச் சீட்டுகளை வெல்லும் துருப்புகளாக ஆட்டத்தில் பயன்பட்டன. ஆகவே டாரட் தோன்றியது விளையாட்டாகவே என்பது தெளிவு. இதனை மைக்கேல் டம்மெட் 1980இல் வெளியிட்ட தம் நூலில் விரிவான சான்றுகளுடன் நிறுவினார்.

18ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பொலோன்யா நகரில் இச்சீட்டுகளைக் கொண்டு எளிய முறையில் குறி பார்த்தமைக்குச் சான்று உண்டு. எனினும் மறைஞானப் பொருள் அவற்றின்மேல் ஏற்றப்பட்டது பிரான்சு நாட்டில்தான். கூர் த ஜெபலின் என்னும் அறிஞர் 1781இல் வெளியிட்ட தம் நூல்தொகுதியின் எட்டாம் பகுதியில், டாரட் என்பது எகிப்தியப் பூசகர் மறைத்துவைத்த ஞானநூல் என்று எழுதினார். இக்கூற்றின் காலம் ஈண்டுக் கருதத்தக்கது. எகிப்திய எழுத்துகளைப் படிக்க உதவிய ரொசெட்டாக் கல்வெட்டு 1799இல்தான் கண்டெடுக்கப்பட்டது. சாம்போலியோன் அவ்வெழுத்துகளைப் படித்தறிந்தது 1822இல். எகிப்திய எழுத்தில் ஒன்றையேனும் படிக்க இயலாத காலத்தில் எகிப்திய மூலம் கற்பிக்கப்பட்டது என்பது இதனால் விளங்கும்.

சாதாரணச் சீட்டுகளைக் கொண்டு குறி கூறுவது குறித்து 1770இல் நூல் எழுதிய எட்டெய்லா, பின்னர் டாரட்டுக்கும் நூல் வகுத்தார். குறி கூறுதற்கென்றே தனிச்சீட்டுக் கட்டினையும் 1789இல் வெளியிட்டார். 1850களில் எலிஃபாஸ் லெவி 22 படச்சீட்டுகளை எபிரேய மொழியின் 22 எழுத்துகளோடு இணைத்தார். இவற்றின் வளர்ச்சியாக, ஆர்தர் எட்வர்டு வெய்ட் திட்டமிட, பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண் ஓவியர் வரைய, 1909இல் இலண்டனில் ஒரு கட்டு வெளியாயிற்று. இன்று உலகெங்கும், எலெக்ட்ரானிக் சிட்டியிலும், பரவலாகப் புழங்குவது இக்கட்டும் இதன் வழிவந்தவையுமேயாகும். தொன்மையானது எனக் கருதப்படும் பொருள்மரபு ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்குள் நூல்களின் வாயிலாக உருவாக்கப்பட்டது என்பது இவ்வரலாற்றால் பெறப்படும்.

படிமமும் பொருள் மாற்றமும்

சீட்டுகளின் பொருள் நிலையானதன்று என்பதற்கு அப்படிமங்களே சான்றாகின்றன. விசுகோந்தி சுபோர்சா சீட்டில் பேதை என்பவன் கந்தல் உடுத்து, தலையில் இறகுகள் செருகிய இரவலன். 1909ஆம் ஆண்டுக் கட்டிலோ அவன் வண்ண உடையணிந்து, கையில் வெண்மலர் ஏந்தி, மலைவிளிம்பில் அண்ணாந்து நிற்கும் இளைஞன். முன்னது இழிவின் உரு. பின்னது புதுத் தொடக்கத்தின் உரு.

தலைகீழாகத் தொங்குபவனின் படிமமும் இத்தகையதே. பழைய இத்தாலியில் அச்சீட்டின் பெயர் துரோகி என்பதாகும். துரோகம் இழைத்தோரைத் தலைகீழாகத் தொங்குவதுபோல் வரைந்து இழிவுபடுத்தும் வழக்கம் அந்நாட்டு நகரங்களில் இருந்தது. 1909இல் அவன் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரையப்பட்டது. தண்டனை பெற்றவன் தன்னை ஈந்தவனானான். பெண் போப்பாண்டவர் என்றிருந்த படிமம் தலைமைப் பெண்பூசகர் என மாறியது. நீதி எட்டாம் இடத்திலும் வலிமை பதினோராம் இடத்திலும் இருந்த வரிசையினை வெய்ட் இடம் மாற்றினார். கிண்ணம் நீரையும் கோல் தீயையும் குறிக்கும் என்றாற்போல நான்கு இனங்களைப் பூதங்களோடு இணைத்ததும் பிற்காலத்தோர் செயலே.

சாவுச் சீட்டு உண்மையான இறப்பைக் குறிப்பதன்று, பழையது கழிந்து புதியது வருதலைக் குறிக்கும் என்று இன்றைய டாரட் கூறுவோர் விளக்குவர். வெண்குதிரைமேல் வரும் எலும்புக்கூட்டின் பின்னணியில் இரு கோபுரங்களுக்கு இடையே ஞாயிறு வரையப்பட்டிருப்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவர். ஊழ்ச்சக்கரச் சீட்டு தமிழருக்கு விளக்கமின்றியே புரியக்கூடியது. செல்வம் வண்டிச்சக்கரம்போல் மாறிமாறி வருவது என்னும் நாலடியார்க் கருத்து நாம் அறிந்ததே. ஒரே படிமம் இரு பண்பாடுகளில் தோன்றுவதால் ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது. உருளும் பொருளைக் கண்ட எம்மக்களும் அவ்வுவமையை அடைந்திருக்கக் கூடும்.

மைசூர்ச் சீட்டுகள் தரும் சான்று

படிமம் தெய்வத்தன்மை வாய்ந்ததாக இருப்பின் அது குறிக்கருவியாகிவிடும் எனச் சிலர் கருதலாம். இக்கருத்தை மறுக்கும் சான்று கர்நாடக மண்ணிலேயே உள்ளது. பாரசீக வழியில் இந்தியாவுக்கு வந்த கஞ்சிபா என்னும் வட்டச் சீட்டாட்டத்தைப் பாபர் தம் நினைவுக்குறிப்பில் 1527ஆம் ஆண்டு நிகழ்வுகளுக்கிடையே குறிப்பிடுகிறார். பின்னர் இவ்வாட்டம் இந்திய உருப்பெற்றது. திருமாலின் பத்து அவதாரங்களைப் பத்து இனங்களாகக் கொண்டு, இனத்திற்குப் பன்னிரண்டாக 120 சீட்டுகள் கொண்ட தசாவதார கஞ்சிபா அவற்றுள் ஒன்று.

மைசூரை ஆண்ட மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794-1868) இவ்வாட்டத்தில் பேரார்வம் கொண்டு, சாட் எனப்படும் பல புதிய ஆட்டங்களை வகுத்தார். சாமுண்டேசுவரியின் பெயரால் அமைந்த ஆட்டத்திற்கு 320 சீட்டுகள். ஒன்பது கோள்களின் பெயராலும் ஓர் ஆட்டம் வகுக்கப்பட்டது. இவற்றின் விவரம் அவருடைய ஆதரவில் தொகுக்கப்பட்ட ஸ்ரீதத்துவநிதி என்னும் பெருநூலில் இடம்பெற்றுள்ளது. அந்நூல் ஒன்பது நிதிகளாகப் பகுக்கப்பட்டுள்ளது. கோள்களின் திருவுருவங்களைக் கூறும் பகுதி கிரகநிதி. சீட்டாட்டங்களைக் கூறும் பகுதி கௌதுகநிதி. கௌதுகம் என்பது களிப்பும் வியப்பும் தரும் விளையாட்டு.

கோள்களே சீட்டில் இடம்பெற்றபோதும் அச்சீட்டு விளையாட்டு என்னும் வகையிலேயே வைக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் பிரான்சில் அரசனும் பேதையும் வரையப்பட்ட விளையாட்டுச் சீட்டு மறைநூலாகப் போற்றப்பட்டது. எனவே ஒரு படிமத்தை விளையாட்டாகவோ குறியாகவோ ஆக்குவது அப்படிமம் அன்று, அதனைப் பயன்கொள்ளும் சமூகத்தின் உடன்பாடே எனலாம்.

தமிழ்க் குறி மரபு

இவ்வுடன்பாட்டின் இயல்பை விளங்கிக்கொள்ளத் தமிழ் இலக்கியம் பெரிதும் துணைபுரிகிறது. களவுக் காலத்தில் தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியத் தாயர் நாடும் வழிகளாகக் கட்டு, கழங்கு, வெறி ஆகியவற்றைத் தொல்காப்பியக் களவியல் சுட்டுகிறது. முறத்தில் நெல்லைப் பரப்பிக் கட்டுவிச்சி பார்ப்பது கட்டு. கழற்சிக்காய்களை இட்டு வேலன் பார்ப்பது கழங்கு. முருகனை வேண்டி அவன் ஆடுவது வெறி. நற்சொல் கேட்டு நிற்கும் விரிச்சியைப் புறத்திணையியல் குறிப்பிடுகிறது.

அகப்பாடல்களில் வேலன் கூறும் விடை பெரும்பாலும் ஒன்றே: தலைவியின் நோய்க்குக் காரணம் முருகன். அவ்விடை தவறு என்பது தலைவிக்கும் தோழிக்கும் பாடலைப் படிப்போருக்கும் தெரியும். நோய் செய்தவன் மலைநாடன். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய வெறிப்பத்து இம்முரணையே பத்துப் பாடல்களில் பலபடக் காட்டுகிறது. நற்றிணை 34ஆம் பாடலில் தோழி, காரணம் தானல்லன் என அறிந்தும் வேலன் அழைத்தமைக்காக வந்து நின்ற முருகனையே அறியாமை உடையவன் என எள்ளுகிறாள். குறியின் தவற்றை இத்துணை வெளிப்படையாகக் கூறும் இப்பாடல்கள் தாயின் துயரத்தை மட்டும் எள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அவள் அச்சம் உண்மையானது. அவள் கேட்ட இடமே தவறானது.

பக்தி இலக்கியத்தில் இந்நிலை மாறுகிறது. திருமங்கையாழ்வாரின் சிறிய திருமடலில் கட்டுவிச்சி முறத்தில் நெல்லிட்டுப் பார்த்து, இவளை வாட்டியவன் திருமாலே என உணர்த்துகிறாள். 18ஆம் நூற்றாண்டில் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் கைபார்த்த சிங்கி குற்றாலநாதரைச் சுட்டுகிறாள். இவ்விரு குறிகளும் மெய்யாகின்றன. சங்கப் பாடலின் வேலனும் இவர்களும் கூறிய விடை ஒன்றே. காரணம் தெய்வம் என்பதே அது. அகப்பாடலின் தலைவன் மானிடன் ஆதலின் அவ்விடை பொய்யாயிற்று. பக்திப் பாடலிலும் குறவஞ்சியிலும் தலைவன் இறைவன் ஆதலின் அதே விடை மெய்யாயிற்று. நெல்லும் கழங்கும் மாறவில்லை, இலக்கிய மரபு மாறியது. துரோகி ஈகையாளன் ஆனதும் இதனை ஒத்ததே.

எடுப்பவர் யார்?

குறிமுறைகளை ஒப்பிடுகையில் சீட்டில் என்ன உள்ளது என்பதைவிட அதனை எடுப்பவர் யார் என்னும் வினா இன்றியமையாதது. தமிழகத் தெருக்களில் நாம் கண்ட கிளி சோதிடத்தில் எடுப்பது கிளி. தெய்வ உருவங்கள் தீட்டிய அட்டைகளுள் ஒன்றை அது அலகால் இழுத்து வைக்கும். முருகன், திருமகள், அனுமன் ஆகியோரோடு புத்தரும் மரியன்னையும் அவ்வட்டைகளில் இடம்பெறுவதுண்டு. கேட்பவர் எச்சமயத்தவராயினும் அக்கட்டு இடம் தருகிறது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாட்டுக்கிளியை அடைத்து வளர்ப்பது குற்றம். 2024 மக்களவைத் தேர்தலின்போது கடலூரில் வேட்பாளர் ஒருவருக்குப் பலன் கூறிய கிளி சோதிடர் வனத்துறையின் நடவடிக்கைக்கு உள்ளானதை நாளிதழ்கள் வெளியிட்டன. பறவையைக் கூண்டில் அடைக்கும் இம்முறை மறைவதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. எனினும் அவ்வட்டைகள் தொகுத்துக் காக்கப்பட வேண்டியவை.

கிளி நம்பப்பட்டது அதன் அறிவுக்காக அன்று, அதன் அறியாமைக்காகவே. அதற்கு விருப்பு வெறுப்பு இல்லை. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) கூறும் குடவோலை முறையும் இவ்வடிப்படை உடையதே. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஏதுமறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். கோயில்களில் தெய்வத்தின் முன் திருவுளச்சீட்டு இட்டுப் பார்ப்பதும் இவ்வகையினது. பஞ்சாங்கங்களில் காணும் இராமர் சக்கரம், சீதா சக்கரம் ஆகியவற்றில் கேட்பவரே கண்மூடி விரல் வைக்கிறார். டாரட்டிலும் கேட்பவரே சீட்டைக் கலைத்து எடுப்பது பெருவழக்கு.

எலெக்ட்ரானிக் சிட்டியில் பணிபுரிவோர் வாழ்விலும் இத்தகைய குலுக்கல் உண்டு. அமெரிக்காவின் எச்-1பி பணிவிசைவு ஆண்டுக்கு 85,000 என்னும் வரம்புடையது. விண்ணப்பங்கள் வரம்பை மிஞ்சிய ஆண்டுகள் பலவற்றில் கணிப்பொறிக் குலுக்கலே யார் செல்வது என்பதை முடிவுசெய்தது. திறமையும் உழைப்பும் உடையவரின் எதிர்காலம் ஏதுமறியா எந்திரம் ஒன்றின் கையில் இருந்தது. இந்நிலையில் அறிவியல் கற்றவர் சீட்டை நாடுவது ஏன் என வியப்பதைக் காட்டிலும், கல்வியால் கட்டுப்படுத்த இயலாத நிகழ்வுகள் அவர் வாழ்வில் எத்துணை உள என எண்ணிப் பார்ப்பதே முறையாகும்.

தோழியின் இடம்

டாரட் கூறும் பலன் உறுதிமொழியன்று, தன்னைத் தான் நோக்கும் கண்ணாடி என அதனைப் பயில்வோர் பலர் இன்று கூறுவர். சீட்டினை வைத்து நிகழும் உரையாடலில் மனத்தில் உள்ளது வெளிப்படுகிறது என்பது அவர்தம் கருத்து. இதில் ஓரளவு உண்மை உண்டு. முல்லைப்பாட்டில் முதுபெண்டிர் நெல்லும் முல்லைமலரும் தூவி விரிச்சி கேட்டு நிற்கின்றனர். இடைக்குலச் சிறுமி ஒருத்தி, தாய்ப்பசுக்கள் விரைவில் வந்துவிடும் எனக் கன்றைத் தேற்றும் சொல் அவர்கள் செவியில் விழுகிறது. அச்சொல் அரசிக்காகக் கூறப்பட்டதன்று. பிரிந்தோர் வரவை நோக்கியிருப்போர் அதனைத் தமக்குரியதாக்கிக் கொள்கின்றனர். எனினும் அந்நற்சொல்லைக் கேட்ட பின்னும் அரசியின் கண்ணீர் நிற்கவில்லை எனப் பாடுகிறார் நப்பூதனார். நற்குறியின் ஆற்றலையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் பகுதி இது.

குறுந்தொகை 23ஆம் பாடலில் ஔவையார் காட்டும் காட்சி இன்னும் ஆழமானது. கட்டுக் காண வந்த அகவன் மகள் பல குன்றுகளைப் பாடுகிறாள். தலைவனுடைய குன்றைப் பாடியபோது, அப்பாட்டையே மீண்டும் பாடுக எனத் தோழி வேண்டுகிறாள். குறி கூறுபவள் அறியாத உண்மையை அவள் வாய்ச்சொல்லைக் கொண்டே தாய்க்கு உணர்த்திவிடுகிறாள். குறியின் பொருளை இங்கு முடிவுசெய்பவள் அகவன் மகள் அல்லள். தலைவியின் வாழ்வை அறிந்த தோழி.

சங்க மரபில் குறி நிகழும் களத்தில் தாய், செவிலி, தோழி, முதுபெண்டிர் ஆகியோர் உடனிருந்தனர். குறவஞ்சியில் தோழியர் இருந்தனர். கிளி சோதிடமும் நாலுபேர் நின்று பார்க்கும் தெருவில் நிகழ்ந்தது. ஊரைப் பிரிந்து வாடகை அறையில் வாழும் இளையோர் ஒருவர் கைப்பேசியில் டாரட் பலன் கேட்கும்போது அவ்விடத்தில் இருப்பவர் இருவரே. அவருள் ஒருவர் கட்டணம் பெறுபவர். மேலாளரின் கடுமையோ உறக்கமின்மையோ கடனோ காரணமாக இருக்க, சீட்டில் வந்த கோபுரமோ நிலவோ காரணமாகக் கூறப்பட்டால் அதனை மறுத்துரைக்க அங்குத் தோழி இல்லை. மருத்துவரிடம் செல்லவேண்டிய மனத்துயர் மீண்டும் மீண்டும் சீட்டினிடம் செல்லும் இடர் இங்குத்தான் தோன்றுகிறது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் சில கருத்துகள் பெறப்படுகின்றன. டாரட் 15ஆம் நூற்றாண்டு இத்தாலியில் தோன்றிய ஆட்டம். அதன் குறிப்பொருள்களின் பெரும்பகுதி 1781க்கும் 1909க்கும் இடையே வகுக்கப்பட்டது. படிமத்தின் தெய்வத்தன்மை அதனைக் குறியாக்குவதில்லை என்பதை மைசூர்ச் சீட்டுகள் காட்டுகின்றன. ஒரே குறி மரபு மாற்றத்தால் பொய்யும் மெய்யும் ஆகும் என்பதை வேலன், கட்டுவிச்சி, சிங்கி ஆகியோர் காட்டுகின்றனர்.

டாரட்டின் மூலம் தமிழே என நிறுவ முற்படுவோர் கூர் த ஜெபலின் செய்த பிழையையே செய்தவராவர். தமிழ் மரபு இத்துறைக்கு வழங்கக்கூடியது தொன்மை உரிமையை அன்று. குறி பார்க்கும் மனத்தின் வருத்தத்தை மதித்துக்கொண்டே அக்குறியின் தவற்றை எடுத்துரைக்கும் திறனாய்வு நோக்கினை. வெறியாட்டுப் பாடல்களைக் கற்பிக்கும்போது அவற்றைப் பண்டை வழக்கங்களின் பட்டியலாக மட்டும் கருதாமல், இன்று மாணவரும் பணியாளரும் நாடும் குறிமுறைகளோடு இயைத்துக் கற்பித்தல் நலம் பயக்கும். கிளி சோதிட அட்டைகளைத் தொகுத்து, அவற்றின் படிமங்களையும் உடன் கூறப்படும் பாடல்களையும் பதிவு செய்யும் கள ஆய்வும் விரைந்து மேற்கொள்ளத் தக்கதாகும்.